கடன் யாருக்குப் போகிறது?

வங்கிக் கடன் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) எத்தனை சதவீதம் என்பதை வைத்து ஒரு நாட்டின் நிதி வளர்ச்சியை அளக்கலாம், அது கூடினால் பொருளாதாரமும் வளரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கடன் எவ்வளவு என்பதைவிட யாருக்கு, எந்த நாணயத்தில் என்பதுதான் முக்கியம்.

ஹங்கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008க்கு முன் வட்டி குறைவு என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கின. சம்பளமோ உள்நாட்டு நாணயமான ஃபோரிண்ட்டில். கணக்கில் கடன் விகிதம் அழகாக ஏறியது. உலக நிதி நெருக்கடி வந்து ஃபோரிண்ட் சரிந்ததும் மாதத் தவணை எகிறியது. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாலும் பாக்கித் தொகை வாங்கியதைவிட அதிகமாக நின்ற வீடுகள் ஏராளம். புதிதாக ஒரு தொழிற்சாலைகூட இந்தக் கடனால் எழவில்லை. கடைசியில் 2014இல் சட்டம் போட்டுத்தான் அவற்றை ஃபோரிண்ட்டுக்கு மாற்றினார்கள்.

அப்புறம் அல்பேனியா. வங்கிகள் சரியாக இயங்காத இடத்தில் பிரமிட் திட்டங்கள் புகுந்தன; புதிதாகச் சேருபவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுக்கும் மோசடி அது. வீட்டையும் ஆடுமாடுகளையும் விற்று மக்கள் பணம் போட்டார்கள். 1997இல் அவை சரிந்தபோது வெடித்த கலவரத்தில் சுமார் 2,000 உயிர்கள் போயின. நாட்டில் சேமிப்பு இல்லாமல் இல்லை. அதை நம்பி ஒப்படைக்க ஒழுங்கான வங்கியும் தட்டிக்கேட்கும் கண்காணிப்பும்தான் இல்லை.

சிறு தொழில்களுக்குப் போன கடன் எவ்வளவு, வீட்டுக்கடன் எவ்வளவு என்று கட்டுரையாளர் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும்.