பிரார்த்தனைப் படிவத்தை நிரப்புகிறவர்

வழிபாட்டுத் தலங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் வெப்சைட் செய்து தருகிற டிசைனர்கள் பலர் அதற்குக் காசு வாங்குவதில்லை. மனசார, நம்பிக்கையோடு செய்கிற வேலை என்பதால் அதில் குறை சொல்லவும் யாருக்கும் வாய் வராது. நான் கொஞ்சம் கறாராகவே பேசப்போகிறேன். தொண்டு என்று சொன்னால் யாருக்குத் தொண்டு என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. முகப்புப் பக்கத்தைப் பெரிய திரையில் பார்த்து "பிரமாதம்" என்று சொல்லும் நிர்வாகக் குழு அந்த வெப்சைட்டின் பயனாளி ஆகாது. நள்ளிரவில், பழைய போனில், சார்ஜ் தீரும் நிலையில், ஏதோ ஒரு கஷ்டத்தோடு அதைத் திறக்கிறாரே, அவர்தான் பயனாளி. டிசைன் சம்பந்தமான ஒவ்வொரு முடிவையும் அவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவருக்கு வேண்டியவை நாலைந்துதான். வழிபாட்டு நேரம், முகவரி, யாரிடம் பேசலாம், என்ன உதவி கிடைக்கும், உள்ளே வர யாருக்கும் தடை உண்டா. இவ்வளவும் மெனுவைத் தொடாமலே முதல் திரையில் எழுத்தாக இருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? நேர அட்டவணையை அழகாக போஸ்டராகச் செய்து, அந்தப் படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். போனில் அது சுருங்கி எழுத்துகள் எறும்பு மாதிரி ஆகிவிடும். திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடருக்கு அது ஃபைல் பெயராக மட்டும் தெரியும். தேடுபொறியும் அதை நம்பி நேரத்தைக் காட்டாது. போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. நேரம் மாறினால் போஸ்டர் செய்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால் தப்பான நேரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். போஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் உள்ள அத்தனை வரியும் பக்கத்திலும் எழுத்தாக இருக்கட்டும், போன் எண்ணைத் தொட்டதும் அழைப்பு போகும் 'டெல்' லிங்க்காகப் போடுங்கள், அவ்வளவுதான்.

பக்கம் திறந்ததும் பக்திப் பாடல் தானாக ஓடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. 2018 முதல் குரோம் பிரவுசர் ஒலியோடு தானாக ஓடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அதையும் மீற ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, முதல் தொடுதலிலேயே பாட்டைத் தொடங்க வைக்கிறார்கள். பார்வையற்றவர் வெப்சைட்டைக் காதால்தான் படிக்கிறார். ஸ்க்ரீன் ரீடரின் குரலும் உங்கள் பாட்டும் ஒரே ஸ்பீக்கரில் வரும்போது, பாட்டை நிறுத்தும் பட்டன் எங்கே என்று தேடக்கூட அவரால் முடியாது. மூன்று விநாடிக்கு மேல் தானாக ஓடும் எந்த ஒலிக்கும் நிறுத்தும் வழி இருக்க வேண்டும் என்று டபிள்யூசிஏஜி எனப்படும் அணுகல் வழிகாட்டி சொல்கிறது. என்னைக் கேட்டால் தானாக ஓடவே வேண்டாம். சோதித்துப் பார்க்க என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் எழுதத் தொடங்கியது அது. மானிட்டரை அணைத்துவிட்டு, அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் வெப்சைட்டில் வழிபாட்டு நேரத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் வேலையின் தரம் தெரிந்துவிடும்.

நிறம். ஆன்மிகம் என்றாலே தங்க நிறம் வந்துவிடுகிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் 'கோல்டு' என்ற பெயரிலேயே இருக்கும் நிறத்தை வெள்ளைமேல் எழுத்தாக வைத்தால் கான்ட்ராஸ்ட் விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, சுமார் 1.4தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். அதே தங்க நிறத்தை மரூன் பின்னணியில் வைத்தால் 7.8 வந்துவிடுகிறது. தங்க நிறத்தை விடவே வேண்டாம், பின்னணியை மாற்றினால் போதும். சாம்பல் எழுத்துப் பிரியர்களுக்கு ஒரு கணக்கு: வெள்ளைமேல் 999999 என்ற நிறக் குறியீட்டை வைத்தால் 2.85, தேறாது. 767676 வைத்தால் 4.54, மயிரிழையில் தேறும். 595959 வைத்தால் 7, வயதானவர்களுக்கும் வசதி. வெப்சைட்டுகள் எல்லோருக்கும் எட்டுகின்றனவா என்று பார்க்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. அதில் முதலிடம் பிடிக்கும் குறை இந்த மங்கிய எழுத்துதான். திருத்துவதற்குச் சுலபமான குறையும் இதுதான். அசையும் விளக்கு, மின்னும் நட்சத்திரம் போன்ற ஜிஃப் படங்கள் விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

போனில் எடுத்த ஒரு படம் 4000 பிக்ஸல் அகலம், மூன்று நான்கு எம்பி. விழா ஆல்பம் என்று அப்படி இருபது படம் போட்டால் ஒரு பக்கம் 60 எம்பியைத் தாண்டிவிடும். அகலத்தை 1200 பிக்ஸலாகக் குறைத்து, எடை குறைந்த வெப்பி (WebP) ஃபார்மட்டில் 75 தரத்தில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். கீழே உள்ள படங்களுக்கு, அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படத்தை இறக்கும் லேசி லோடிங் போடுங்கள், முதல் திரையில் தெரியும் படத்துக்குப் போடாதீர்கள். போட்டால் அது வேண்டுமென்றே தாமதமாக வரும். அகலம், உயரம் இரண்டையும் படத்தின் ஹெச்டிஎம்எல் டேகிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும். "தொடர்புக்கு" என்ற பட்டனைத் தொடப் போன விரல் "நன்கொடை" மேல் படும்.

தமிழில் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. பழைய துதிப்பாடல்களும் மறை நூல்களும் பாமினி மாதிரியான யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துப் பிறகு 'க' அடிப்பார்கள். யுனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. மாற்றிக் கொடுக்கும் கருவி இந்த இடத்தில் சறுக்கினால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாமலும் போகலாம். தேடினால் அந்தச் சொல் அகப்படாது, ஸ்க்ரீன் ரீடரும் உளறும். எனவே மாற்றிய பிறகு கொம்பு வரும் சொற்களாகப் பொறுக்கித் தேடிப் பார்ப்பது அவசியம். எழுத்துரு ஃபைலின் எடையைக் குறைக்க வெட்டும்போதும் கவனம் தேவை. எழுத்துகளை இணைக்கும் விதிகள் உள்ள ஜிசப் (GSUB) என்ற அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிட்டால் 'கு', 'டி' போன்றவை ஒட்டாமல் பிரிந்து நிற்கும். வரி இடைவெளி 1.7 அளவில் இருக்கட்டும். ஆங்கிலத்துக்குச் சரியான 1.4 தமிழுக்கு நெருக்கடி.

எழுத்துரு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று நோட்டோ சான்ஸ் தமிழ் உட்பட ஆயிரக்கணக்கான எழுத்துருக்களை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். அதற்கு வழிசெய்த ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸை எழுதியவர்கள் எஸ்ஐஎல் அமைப்பின் விக்டர் கால்ட்னியும் நிக்கோலா ஸ்பாலிங்கரும். சிறுபான்மை மொழிகளுக்கு எழுத்தும் எழுத்துருவும் வேண்டும் என்று உழைக்கிற, கிறிஸ்தவ நம்பிக்கையில் பிறந்த அமைப்பு அது. இப்போது நாம் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2007இல் வந்தது. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் அதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம்பிக்கையிலிருந்து பிறந்த தொழில்நுட்பத் தொண்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த லைசென்ஸ்தான். 1993 ஏப்ரல் 30 அன்று வெப்பின் மென்பொருளை செர்ன் ஆய்வகம் பொதுவுடைமையாக விட்டதையும் இதே வரிசையில் வைப்பேன். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ பின்னாளில், இதைத்தான் நம்ப வேண்டும் என்று வற்புறுத்தாத யூனிட்டேரியன் யுனிவர்சலிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த நம்பிக்கை தனக்கு அறிமுகமானது, ஆனாலும் இரண்டுக்கும் ஒற்றுமை தெரிகிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம், பிரார்த்தனை விண்ணப்பப் படிவம். டெம்ப்ளேட்டில் இலவசமாக வருகிறது என்பதற்காகப் பலரும் யோசிக்காமல் சேர்த்துவிடுகிறார்கள். அதில் மக்கள் எழுதுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புற்றுநோய், குழந்தையின்மை, கணவரின் குடி, கடன், பிள்ளையின் போதைப் பழக்கம், வாழவே பிடிக்கவில்லை என்ற வரி. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ கூடச் சொல்லாததை அங்கே எழுதுகிறார்கள். மதநம்பிக்கையையும் உடல்நலத்தையும் தனிப்பாதுகாப்பு வேண்டிய தகவல்கள் என்று ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் 9ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தப் படிவத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. ஆனால் அந்த வரிகள் எங்கெல்லாம் போகின்றன? படிவத்தை இயக்கும் பிளகின் அதை டேட்டாபேஸில் நிரந்தரமாகச் சேமிக்கிறது. அதே நகல் பொது மின்னஞ்சலுக்குப் போகிறது, அங்கிருந்து யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு வாட்ஸப் குழுவுக்கு அனுப்புகிறார். தினசரி பேக்கப்பிலும் ஒரு நகல் இருக்கிறது. முகப்புப் பக்கத்துக்கென்று போட்ட, விளம்பர நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பும் 'பிக்ஸல்' நிரலும், பயனர் திரையைப் பதிவு செய்யும் கருவியும் இந்தப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு என்ன செய்வது? முதலில் கேள்விகளைக் குறையுங்கள். பெயர் கட்டாயம் வேண்டாம். போன் எண், "நாங்கள் அழைக்கலாமா" என்ற கேள்விக்கு ஆம் என்றவருக்கு மட்டும். பிரவுசர் படிவத்தை சர்வருக்கு அனுப்ப போஸ்ட், கெட் என்று இரண்டு முறைகள் உண்டு, போஸ்ட் முறையையே வையுங்கள். கெட் முறையில் அனுப்பினால் எழுதியதெல்லாம் பக்கத்தின் வெப் முகவரியில் ஏறி, சர்வர் பதிவுகளிலும் அனலிட்டிக்ஸிலும் போய்ச் சேரும். அறிவிப்பு மின்னஞ்சலில் "புதிய விண்ணப்பம் வந்துள்ளது" என்பதைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, உள்ளடக்கத்தை லாகின் செய்துதான் படிக்க வேண்டும். படிக்கும் உரிமை இரண்டு பேருக்குப் போதும். 30 நாளில் தானாக அழியும்படி அமைத்துவிட்டு, பேக்கப்புகளை எத்தனை நாள் வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். பேக்கப் ஒரு வருடம் இருந்தால் 30 நாள் என்று சொன்னது பொய்யாகிவிடும். அந்தப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட் ஒன்றுகூட வேண்டாம்.

ஸ்பேமைத் தடுக்கப் படப்புதிர் கேப்சா போடாதீர்கள், பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத, ஹனிபாட் என்ற பொறிக் கட்டம் ஒன்று வைத்தால் ஸ்பேம் அனுப்பும் தானியங்கி நிரல்களான போட்களில் பெரும்பாலானவை அதை நிரப்பி மாட்டிக்கொள்ளும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்தக் கட்டத்துக்கு 'ஈமெயில்' மாதிரி பழக்கமான பெயர் வைத்து, ஆட்டோகம்ப்ளீட்டையும் அணைக்காமல் விட்டால் பிரவுசரே அதை நிரப்பிவிடும். நிஜமான ஒருவரின் விண்ணப்பம் ஸ்பேம் என்று சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். அவருக்கோ "கிடைத்தது" என்ற செய்தி வந்திருக்கும். டேப் விசையும் ஸ்க்ரீன் ரீடரும் அந்தக் கட்டத்தைத் தொடாதபடி மறைப்பதும் அவசியம்.

நன்றிப் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள்: யார் படிப்பார், எப்போது படிப்பார், பதில் வருமா வராதா. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் உடனே அழைக்க வேண்டிய எண்ணும் அங்கே இருக்கட்டும், அனுப்பும் பட்டனுக்கு மேலேயும் இருக்கட்டும். இப்போது ஏஐயை வைத்து உடனடி ஆறுதல் பதில் அனுப்பலாம் என்று யோசனை சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. எழுதியவர் தனக்காக ஒரு மனிதர் பிரார்த்திக்கிறார் என்று நம்பித்தான் எழுதுகிறார். படிக்க ஆள் இல்லையென்றால் படிவத்தை எடுத்துவிட்டுப் போன் எண்ணை மட்டும் போடுங்கள். மறைநூல் வசனங்களை ஏஐயிடம் கேட்டுப் போடுகிறவர்களும் அதிகாரம், எண், சொற்கள் எல்லாவற்றையும் மூலநூலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். இல்லாத வசனத்தை அது சரளமாக எழுதித்தரும்.

நன்கொடைப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "மாதந்தோறும்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது, எண்ணிக்கை இறங்கும் கடிகாரம் ஓட விடுவது, நிறுத்தும் பட்டனை ஒளித்து வைப்பது எல்லாம் ஹாரி பிரிக்னல் என்ற டிசைனர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' (பயனரை ஏமாற்றும் டிசைன்) என்று பெயர் வைத்த வகையறா. கடையில் செய்தாலே தவறு. கடவுள் பெயரால் கேட்கும்போது கொடுப்பவர் சந்தேகப்படவும் தயங்குவார், அந்தத் தயக்கத்தைக் காசாக்குவது பெரும் அநியாயம். சேர எத்தனை படியோ, விலகவும் அத்தனை படிதான் இருக்க வேண்டும். நிர்வாகக் குழு வற்புறுத்தினாலும் டிசைனர் இந்த இடத்தில் மறுக்க வேண்டும்.

கடைசியாக, இலவச வேலைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எந்தத் தேதிவரை பராமரிப்பு, யார் அப்டேட் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டொமைனைத் தொண்டரின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யாதீர்கள். அவர் வேலை மாறி, ஊர் மாறி, அந்த மின்னஞ்சலையும் விட்டுவிட்டால் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்களை யாரும் பார்க்க மாட்டார்கள். டாட் காம் டொமைன் காலாவதியானால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள்வரை சலுகைக்காலம் கிடைக்கலாம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன்பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய லிங்க்குகள் நிறைய உள்ள பெயர் என்றால் சூதாட்ட சைட் நடத்துபவர்கள் உடனே வாங்கிவிடுவார்கள். பிறகு வழிபாட்டு நேரம் தேடி வருகிறவர் சீட்டாட்ட விளம்பரத்தில் போய் நிற்பார். அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதில் இரண்டு பொறுப்பாளர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகள் அச்சிட்டு உறையில் அலுவலகப் பெட்டியில், டொமைனும் ஹோஸ்டிங்கும் முடியும் தேதிகள் அதே தாளில். பொறுப்பாளர் மாறும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டை மாற்றி, அந்தத் தாளையும் புதிதாக அச்சிட்டு வையுங்கள்.