கலர் சூப்பரா வந்திருக்குங்ணா

கொடுவாள் மூக்கை ஒடித்தது நானில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா, "ரண்டு இளநி சீவிட்டுக் குடுத்தர்றனுங்க மாப்ள" என்று வாங்கிப்போன கொடுவாள், நாலு நாள் கழித்து, அதுவும் நானே போய்க் கேட்ட பிறகு, மூக்கில்லாமல் திரும்பி வந்தது. இளநீருக்குள் இரும்பு இருந்திருக்கும் போல. துருவிக் கேட்டால், மோட்டார் ரூம் கொண்டியை அதை விட்டு நெம்பினாராம். கடப்பாரை எதற்கு இருக்கிறது, சாமி கும்பிடவா? "முனை துளிதானுங்க போச்சு." துளியாம். ஒரு விரற்கடை! வேலிமுள்ளை இழுத்துப் போடுவதே அந்த மூக்குதான். வளைவு போனால் கொடுவாளில் கொடு எங்கே, வெறும் வாள்தான் மிச்சம்.

சரி என்று சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பார்த்த பார்வை தனிக்கதை. இறங்கிப் பார்த்தால் கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இத்தனைக்கும் நாங்கள் சென்னிமலைக்காரர்கள். பக்கத்திலேயே நொய்யல் கரையில், கொடுமணலில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு விரற்கடை இரும்புக்கு ஆளில்லை.

கடைசியில் ஒரு வெல்டிங் பட்டறை. படித்துப் படித்துச் சொன்னேன். "தம்பி, வெட்டுற வாய்ப்பக்கம் கை வெக்காத. முதுகுப்பக்கம் தேச்சு வாயோட கொண்டுபோய்ச் சேத்து, அதுவே புது மூக்காயிரும். ரண்டு இழுப்புக்கு ஒருக்கா தண்ணியில முக்கு. சூடேறுனா பதம் போயி இரும்பு மெத்துனு ஆயிரும்." "செரிங்ணா, செரிங்ணா" என்று தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே கிரைண்டரை எடுத்து நேராக வாய்ப்பக்கம் வைத்தான்.

தண்ணி வாளி காலடியில்தான் இருந்தது. அதில் டீ டம்ளரைக் கழுவினான், கையைக் கழுவினான், கொடுவாளைத் தவிர எல்லாவற்றையும் முக்கினான். நான் கத்துவது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கண்முன்னே, சூடு ஏற ஏற, இரும்பு முதலில் வைக்கோல் நிறம். "நிறுத்துப்பா!" அப்புறம் பழுப்பு. "டேய்!" அப்புறம் ஊதா. கடைசியில் மயில்கழுத்து நீலம். பதம் போய்ச் சேர்ந்தது, காரியம் மட்டும்தான் பாக்கி. அவன் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "கலர் சூப்பரா வந்திருக்குங்ணா."

நூறு ரூபாய். சில்லறை வேறு இல்லையாம்.

வீட்டுக்கு வந்து ஒரு தென்னை மட்டையில் போட்டேன். முனைப்பக்கம் வாய் அப்படியே மடங்கிக்கொண்டது. இனி உலையில் காய்ச்சி அடித்து மறுபடி பதம் ஏற்றினால்தான் உண்டு. அதற்குக் கொல்லரைத் தேட வேண்டும், மறுபடி அதே பஸ், அதே கண்டக்டர்.

திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மாமா வந்தார். கொடுவாளைப் பார்த்தார். "அட, புதுசாட்டம் பண்ணிப்போட்டீங்க மாப்ள! நாளைக்கு ஒருக்கா வேணுமுங்க."

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அதிருக்கட்டும், போன தைக்கு வாங்கிப்போன என் ஏணி எங்கே மாமா?