அவர் பட்டா, எங்கள் கிணறு

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி போன கோடையில் மூன்றாவது போர் போட்டார். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுகிறது. என் தாத்தா வெட்டிய கிணறு, சித்திரையிலும் கமலை இறைத்த கிணறு, இப்போது மாசியிலேயே பாறை தெரியக் கிடக்கிறது. தென்னையெல்லாம் மட்டை தொங்கி நிற்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

போய்க் கேட்டேன். "என் பட்டாவுல நான் போடுதேன், ஒனக்கு என்னடே?" என்கிறார்.

சட்டமும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் ஊறும் நீரை எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்கிறது. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டம் வந்தது, 2013-ல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

சரி, நிலம் அவருடையது. தண்ணீர் எப்படி அவருடையதாகும்? நாங்குநேரிப் பக்கம் மழையே குறைச்சல். கார்த்திகையில் பெய்கிற மழை குளத்தில் தேங்கி, மெல்ல இறங்கித்தான் எல்லார் கிணற்றிலும் ஊறுகிறது. அந்தக் குளம் யார் பட்டாவிலும் இல்லை. வரப்பு மேலே இருக்கிறது, அடியில் ஏது வரப்பு? அவர் அறுநூறு அடியில் உறிஞ்சினால் என் அறுபது அடிக் கிணறு என்ன செய்யும்?

நானும் போர் போடலாம். அப்புறம் மேற்கே இருக்கிற பெரியம்மா கிணறு வற்றும். அவரிடம் போய் நான் எந்த முகத்தோடு பட்டாவைக் காட்டுவேன்?