இருநோக்கியைக் கையில் கொடுத்தவருக்கு

சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் எங்கள் பறவை நோக்கலை இத்தனை ஆண்டுகளாக நடத்திவந்த சார் பொறுப்பிலிருந்து விலகுகிறார் என்று அவரைப் பற்றிய கட்டுரையில் படித்ததும் மனம் கனத்துவிட்டது.

நான் முதல்முறை போனபோது என்னிடம் இருநோக்கிகூட (பைனாகுலர்) இல்லை. தன்னுடையதைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, காலை முழுக்க வெறுங்கண்ணால் பார்த்தார். எனக்கு நீர்க்கரையில் இரைதேடும் உள்ளான் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். "தோளோரம் வெள்ளை ஏறி வருதா பாரும்மா, வால் ஓயாம ஆடுதா பாரு, அதுதான் சாதா உள்ளான். முதுகெல்லாம் பொரி தெளிச்ச மாதிரி இருந்தா பொரி உள்ளான்" என்றார். அதன்பின் தப்பியதே இல்லை.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. பண்டிகை நாளில் யார் வருவார் என்று நாங்கள் தயங்கினால், அவர் விடியும் முன்பே ஏரிக்கரையில் நிற்பார். காகம், மைனா என்று ஒன்று விடாமல் எண்ணி பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் ஏற்றச் சொல்வார். "அரிதானதை மட்டும் எழுதினா அது கணக்கே இல்லை" என்பார். 2022இல் சதுப்புநிலம் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ஆனபோது நான் முதலில் கூப்பிட்டது அவரைத்தான்.

சார், மிக்க நன்றி. பூநாரைகள் வந்ததும் சொல்கிறேன். இந்த முறை இருநோக்கி நான் கொண்டுவருகிறேன்.