வலை எதனால் ஆனது என்று கேளுங்கள்
மார்பகத்தை எடுத்தபின் செய்யும் சீரமைப்பு பற்றிய உங்கள் கட்டுரையை, உள்ளே வைக்கும் சிலிகான் பையை வலை தாங்கிப் பிடிக்கும் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அது எதனால் ஆனது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். செயற்கை இழையில் பின்னியதும் உண்டு. மனிதத் தோல், பன்றித் தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்ததும் உண்டு. மனிதத் தோல் வகையில் சில தயாரிப்புகளால் சிக்கல் அதிகம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2021-லேயே எச்சரித்தது. கோபியிலிருந்து கோயம்புத்தூர் போன எங்கள் அக்கா, "ஏனுங்க டாக்டர், உள்ள வைக்கறது எந்தத் தோலுங்க?" என்று நேராகவே கேட்டார். அப்புறம்தான் தொற்று, நீர் கோத்துக்கொள்வது, அடிவயிற்றுச் சதையை எடுத்து வைக்கும் இன்னொரு வழி எல்லாம் பேச்சுக்கு வந்தன. அதில் ஆபரேஷன் நேரம் நீளும், வயிற்றிலும் தழும்பு விழும். சரி என்று அதையே தேர்ந்தெடுத்தார். நம் பெண்கள் பலர் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அதுதான் எனக்கு வேதனை. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் தயவுசெய்து எழுதுங்கள்.