அந்த வழிகாட்டியை எழுதியவர் திருடர் இல்லை

நேற்று ராத்திரி நம் கேமிங் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பி, தன்னிடம் இருக்கும் நிண்டெண்டோ 3டிஎஸ் (கையடக்க கேம் கன்சோல்) விளையாட்டுக் கார்டை எப்படி டிகிரிப்ட் செய்து, அதாவது அதன் ரகசியப் பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பிரித்தெடுப்பது என்று படத்தோடு எழுதியிருந்தார். டவுன்லோடு லிங்க் ஒன்றுகூட இல்லை. சொந்தக் கார்டுக்கு மட்டும்தான் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார். அதற்கு வந்த பதில் "திருடன்". ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் வரிசையாக எல்லாரும். பதிவையும் தூக்கினார்கள், ஆளையும் தூக்கினார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். தான் காசு கொடுத்து வாங்கிய கார்டைத் தானே பிரித்துப் பார்ப்பது திருட்டு இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓசியில் விளையாட வேண்டும் என்பவனுக்கு இந்த வேலை எதற்கு? யாரோ ஏற்கெனவே டிகிரிப்ட் செய்து ஏற்றி வைத்ததை இறக்கிக்கொண்டு போய்விடுவான். ஹோம்பிரூ கருவியை (நிறுவனம் தராத, ரசிகர்களே எழுதிய மென்பொருளை) நிறுவி, கார்டைச் செருகி, காப்பி எடுத்து, டிகிரிப்ட் செய்து, ராம்எஃப்எஸ்ஸை (படம், ஒலி, வசனம் இருக்கும் பகுதியை) பிரித்து, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்கும் பொறுமை அவனுக்குக் கிடையாது. அதெல்லாம் கார்டைக் கையில் வைத்திருப்பவன் செய்கிற வேலை. அதே குழுவில் "ரோம் லிங்க் இன்பாக்ஸ் பண்ணுங்க" என்று, அதாவது விளையாட்டின் காப்பியை ஓசியில் இறக்க வழி கேட்டு, வாராவாரம் வருகிறார்களே, அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுதிக் கற்றுக்கொடுத்தவர்தான் உங்கள் கண்ணுக்குத் திருடராகத் தெரிந்தார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் பேசுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 3டிஎஸ் விளையாட்டின் உள்ளடக்கம் 128 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். சாவி இரண்டு பாதிகளிலிருந்து உருவாகிறது. ஒரு பாதி ஃபைலிலேயே, அதன் கையொப்பத்தின் முதல் 16 பைட்டுகளாக இருக்கும். இன்னொரு பாதி கன்சோலுக்குள் இருக்கும். அதனால்தான் ஆரம்ப காலத்தில் கன்சோலைக் கொண்டே எக்ஸார்பேட் என்ற பூட்டுத் திறக்கும் ஃபைலை உருவாக்க வேண்டியிருந்தது. விளையாட்டு எத்தனை பெரிதோ, அந்த ஃபைலும் அத்தனை பெரிது. இரண்டையும் கணினியில் வைத்து பிட் பிட்டாக எக்ஸார் (XOR) செய்துதான் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியும். 2017-இல் கன்சோல் துவங்கும்போதே நம் மென்பொருளை ஓட்டவிடும் பூட்9ஸ்ட்ராப் வந்த பிறகு வழி சுலபமானது. இன்று கன்சோலிலேயே ஓடும் காட்மோட்9 என்ற ஃபைல் கருவியில் கார்டைத் தேர்ந்தெடுத்து மவுன்ட் கொடுத்தால் எக்ஸிஎஃப்எஸ் (நிரல் இருக்கும் பகுதி), ராம்எஃப்எஸ் எல்லாம் சாதாரண ஃபோல்டர் மாதிரி வந்து நிற்கும். அதற்குப் பின்னால் எத்தனை பேர் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த உழைப்பைத்தான் ஒரே வார்த்தையில் அசிங்கப்படுத்தினீர்கள்.

"உள்ளே பார்க்க என்ன இருக்கு, விளையாடிட்டுப் போக வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். "திருடன்" என்றதைவிட இதுதான் எனக்கு வலித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விளையாட்டு, நானும் அக்காவும் மாறி மாறி விளையாடியது. அதன் கார்டை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். டிகிரிப்ட் செய்வதற்கு முன் ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் தலைப்பகுதியைத் தாண்டியதும் வெறும் குப்பைதான், ஒரு எழுத்தும் புரியாது. டிகிரிப்ட் செய்த பிறகு அதே இடத்தில் கோட், ஐகான், பேனர் என்று பெயர்கள் வரிசையாகத் தெரியும். அப்புறம் வசனங்கள் இருக்கும் ஃபோல்டர். முதலில் சுருக்கத்தை விரிக்க வேண்டும். விரித்தால் யுடிஎஃப்-16 எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சுழியம். அதற்குள் ஒரு மீனவர் பேசும் வசனம் முழுசாக இருந்தது. மகன் கடலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை என்று சொல்கிறார். நாம் கதாநாயகனாகப் போய் இரண்டாவது முறை பேசினால் சொல்வதற்கு வேறு வசனம், மூன்றாவது முறைக்கு வேறு. அந்த மீனவர் விளையாட்டில் எங்குமே வருவதில்லை. விளையாட்டில் வரும் துறைமுகத்தில் நாங்கள் தேடாத மூலை இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார், கடைசி நேரத்தில் ஆளை எடுத்துவிட்டார்கள், வசனம் மட்டும் கார்டிலேயே தங்கிவிட்டது. அதை எழுதியவருக்கு நான் செய்தது மரியாதையா, திருட்டா? நீங்களே சொல்லுங்கள்.

"அதே கருவியைத்தான் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள்" என்பீர்கள். ஆமாம், பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் இருக்கும் ரோம்களில் பல யாரோ ஒருவர் கார்டிலிருந்து எடுத்ததுதான். ஆனால் எடுத்தது ஒரு செயல், ஊருக்கெல்லாம் பரப்பியது வேறு செயல். பரப்பியவரைத் திட்டுங்கள், நானும் கூட வந்து திட்டுகிறேன். ஃபேன் மொழிபெயர்ப்பு செய்பவர்களைப் பாருங்கள். லூமா என்ற மாற்று சிஸ்டம் மென்பொருளில் மாற்றிய ஃபைல்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்தாலே விளையாட்டு அதை எடுத்துக்கொள்ளும். முழு விளையாட்டையும் யாருக்கும் கொடுக்க வேண்டியதே இல்லை.

சட்டமா? அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி பூட்டை உடைப்பதே பிரச்சினையாகலாம், காப்பி எடுத்து யாருக்கும் கொடுக்காவிட்டாலும். அது எனக்குத் தெரியும். சட்டத்தில் இருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது. நேற்று திட்டியவர்களில் ஒருவர்கூட சட்டத்தைப் படித்துவிட்டு வந்து திட்டவில்லை.

"நிறுவனமே பார்த்துக்கொள்ளும், நீங்கள் யார் பாதுகாக்க?" என்றும் ஒரு கமென்ட். 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் 2023 மார்ச் 27-உடன் விற்பனை நின்றுபோனது. 2024 ஏப்ரலில் ஆன்லைன் சேவையும் போனது. டிஜிட்டலில் மட்டும் வந்த விளையாட்டுகளை இன்று காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் அங்கே வழி இல்லை. 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று அதில் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிற லட்சணம் இதுதான். 3டிஎஸ் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்ட உதவிய சிட்ரா எமுலேட்டரும் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறார்கள், மிஞ்சியிருப்பது நம் கையில் இருக்கும் கார்டு மட்டும்தான். அதையும் திறக்காதே என்றால் எப்படி? அது கெட்டுப்போகும் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

கோபம் சட்டத்தின் மேலும் இல்லை, நிறுவனத்தின் மேலும் இல்லை. உங்கள் மேல்தான். பல வருடமாக ஒன்றாக விளையாடிய ஆட்கள் நீங்கள். கெட்டுப்போன சேவ் ஃபைலைச் சரி செய்ய இன்பாக்ஸில் என்னிடம் வந்தவர்கள் நேற்றைய கமென்ட்களில் இருந்தீர்கள். உங்கள் சேவ் ஃபைலை நான் எந்தக் கருவியில் எடுத்தேன் என்று நினைத்தீர்கள்? அதே காட்மோட்9. அன்றைக்கு அது உதவி. அந்தத் தம்பி எழுதினால் திருட்டா?

அட்மின் நண்பர்களுக்கு: பதிவைத் திருப்பிப் போடுங்கள், அந்தத் தம்பியிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். அதுவரை நான் அந்தக் குழுவில் எழுதப் போவதில்லை. டிகிரிப்ட் செய்வதில் சந்தேகம் இருப்பவர்கள் இங்கேயே கமென்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கார்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். ரோம் லிங்க் கேட்டு வருபவர்களை பிளாக் செய்துவிடுவேன்.