வந்தவாசிப் போரை மேசையில் ஆட வேண்டுமா? மழைக்கு முன் பிரைமரை முடியுங்கள்

மேசையில் போர் விளையாட்டு ஆடுவதற்கான மினியேச்சர், அதாவது சின்னப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் வருடத் திட்டங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. கோடையில் வெளியே சுற்று, டிசம்பரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பெயிண்ட் அடி என்கிற கணக்கு. சென்னையிலோ கடலூரிலோ அதை அப்படியே பின்பற்றினால் டிசம்பரில் ஸ்ப்ரே டப்பாவோடு மொட்டை மாடிக் கதவருகே மழை விடக் காத்திருக்க வேண்டியதுதான். நமக்குத் திட்டத்தைத் தீர்மானிப்பது ஈரப்பதம். ஸ்ப்ரே வேலை காய்ந்த மாதங்களில், தூரிகை வேலை மழை மாதங்களில். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வந்தவாசிப் போரையே எடுத்துக்கொள்வோம். 1760 ஜனவரி 22. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. அதே தேதியில் ஆட்டம் வைப்பதென்றால் பொங்கல் முடிந்து ஒரு வாரம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முதலில் அளவு. கூட்டிடம் சுமார் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள் (இந்திய வீரர்கள்). லாலியிடம் 2,000-க்குச் சற்று மேல் ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள். 20 பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் 370 பக்கம் வரும். ஒரே வருடத்தில் இதை முடிப்பேன் என்று ஆரம்பிப்பவர்களின் பெட்டியில் ஆடி மாதத்திலேயே தூசி படிந்துவிடும். 40 பேருக்கு ஒன்று போதும். ஒரு படைப்பிரிவுக்கு 12 பொம்மைகள், மொத்தம் 15 பிரிவுகள், 180 பொம்மைகள். 28 மி.மீ. பொம்மை என்றால் 40 மி.மீ. சதுர பேஸில் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) நாலு நாலாக ஒட்டுங்கள். மூன்று பேஸ்களைப் பக்கவாட்டில் வைத்தால் 120 மி.மீ. அணிவரிசை, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நெடும்பத்தி. இந்தப் போருக்கு இது கட்டாயம் வேண்டும். பிரெஞ்சுக்காரரின் லொரேன் ரெஜிமெண்ட் நெடும்பத்தியாகப் பாய்ந்து வந்து கூட்டின் சொந்த ரெஜிமெண்ட் மீது மோதியதுதான் போரின் முக்கியமான கட்டம். 12 பேரையும் ஒரே நீள பேஸில் ஒட்டிவிட்டால் அதை ஆட முடியாது.

குதிரைகளை அள்ளி வாங்காதீர்கள். லாலியோடு வந்த 3,000 மராத்தியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவே இல்லை. ஆனாலும் அழகுக்காக முதலில் வாங்குவது அதைத்தான். காசும் அங்கேதான் தீரும். பக்கத்துக்கு ஒரு சிறு குதிரைப் பிரிவு போதும்.

பிப்ரவரி, மார்ச்சில் 180-ஐயும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒட்டி, பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துவிட வேண்டும். நேரம் காலை 11 மணிக்கு மேல். விடிகாலைப் பனி விலகியிருக்கும், கடற்காற்றும் ஏறியிருக்காது. மே மாத உச்சி வெயில் வேண்டாம். பிரைமர் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பொம்மையின் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழும். மழைக்காலத்தில் நடப்பது வேறு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. வெள்ளைப் படலம் வருவது அதனால்தான். சூப்பர் க்ளூவும் ஈரத்தில் சீக்கிரம் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் வெள்ளை பூக்கும். ஸ்ப்ரே டப்பாக்கள் விமானத் தபாலில் வராது, உள்ளூரில்தான் வாங்க வேண்டும். எனவே கையிருப்பை ஜனவரியிலேயே பாருங்கள்.

ஏப்ரல், மே தரையமைப்புக்கு. ஃபெவிக்கால் சீக்கிரம் காயும். பிரெஞ்சு இடது ஓரம் ஒரு ஏரியை ஒட்டி அரண் செய்திருந்தது. அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் குண்டு விழுந்து வெடித்ததும் அந்தப் பக்கம் குலைந்தது. ஆகவே ஏரிக்கரையும் அந்த வண்டியும் தரமாக இருக்க வேண்டும், மற்ற இடத்துக்கு நாலு பனைமரம் போதும். பேஸுக்கு ஆற்று மணலைச் சலித்துப் பயன்படுத்துங்கள். கடல் மணலில் உப்பு இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) பேஸின் ஒரு பக்கம் மட்டும் பசை தடவினால் வளைந்துவிடும்; அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் பெயிண்ட் கொடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரெஞ்சுப் படை, ஐப்பசி பிறந்தபின் ஆங்கிலப் படை. லொரேன் வெள்ளைச் சட்டைக்காரர்கள். வெள்ளையைக் கறுப்புப் பிரைமரின் மேல் ஏற்றுவது தண்டனை. வெளிர் சாம்பலில் தொடங்கி, மடிப்புகளை விட்டுவிட்டு மேடுகளில் மட்டும் வெள்ளை வையுங்கள். ஆங்கிலேயரின் சிவப்புச் சட்டைக்குக் கீழே செங்காவி நிறம் இருந்தால் இரண்டு கோட்டில் முடியும். லாலியின் ரெஜிமெண்ட் அயர்லாந்துப் படை, அவர்களும் சிவப்புச் சட்டைதான். மேசையில் எதிரியோடு குழம்பாமலிருக்க, பேஸின் பின்விளிம்புக்குப் பக்கத்துக்கொரு நிறம் அடித்துவிடுங்கள். எட்டு எட்டாகத் தீட்டுங்கள். அதற்கு மேல் போனால் ஒரே பெல்ட்டைத் தீட்டியே வெறுத்துப்போகும்.

சிப்பாய்களின் தோல் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பெயிண்டர்கள் படைமுழுவதையும் ஒரே சாக்லேட் நிறத்தில் முக்கி எடுக்கிறார்கள். நம் தெருவில் நின்று பார்த்தாலே மாநிறம், கறுப்பு, சற்றே சிவந்த நிறம் என்று நாலு தெரியும். மூன்று பழுப்பு பாட்டில்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்தாலே போதும்.

மழை மாதங்களில் ஈரத் தட்டில் (பெயிண்ட் காயாமலிருக்க நனைந்த ஸ்பான்ஜின் மேல் பேப்பர் விரித்த தட்டு) பூஞ்சை வரும். பட்டர் பேப்பரையும் ஸ்பான்ஜையும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இடையில் வார்னிஷ் அடித்தே ஆக வேண்டுமென்றால் தூரிகை வார்னிஷ்தான். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காவிட்டால் ஒரு பொம்மை மினுமினுக்கும், அடுத்தது பால் பூசியதுபோல் மங்கும்.

ஸ்ப்ரே வார்னிஷுக்கு ஜனவரி இரண்டாம் வாரம். முந்தைய நாள் மழை இருந்தால் தொடாதீர்கள். முதலில் பளபள வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்தபின் மேட். எந்த டப்பாவானாலும் முதலில் ஒரே ஒரு சிப்பாய்க்கு அடித்து ஒரு மணி நேரம் பாருங்கள். வெள்ளை பூத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். தூரிகையால் பளபள வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், அதன் மேல் தூரிகை மேட்.